மஞ்சள் ஹெல்மெட்

நாணயம் சேர்க்கும் நண்பன் போன மாதம் ஒரு பதக்கத்தை என் கையில் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், கறுத்துப்போன இரும்பு. ஒரு பக்கம் மூழ்கும் கப்பல். மறுபக்கம் டிக்கெட் கவுன்டரில் ஓர் எலும்புக்கூடு. வரிசையில் நிற்பவர்களுக்குப் பயணச்சீட்டு விற்கிறது. மேலே ஜெர்மன் மொழியில் 'எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்.'

"செம கேலிடா," என்றேன்.

"யாரக் கேலி பண்ணுதுன்னு சொல்லு பாப்போம்."

1915 மே 7ஆம் தேதி பிரிட்டனின் லூசிடானியா பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அயர்லாந்துக்குத் தெற்கே மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். மியூனிக்கில் கார்ல் கோட்ஸ் என்ற பதக்கக் கலைஞர் தன் சொந்த முயற்சியில் இந்தப் பதக்கத்தைச் செய்தார். அவருடைய கோபம் கப்பல் நிறுவனத்தின்மீது. போர்ச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு, ஆபத்து என்று தெரிந்தும் டிக்கெட் விற்றார்களே என்பது. ஆனால் தேதியைத் தவறாக மே 5 என்று பொறித்துவிட்டார்.

பிரிட்டிஷ்காரர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். சின்னப் பெட்டியில் போட்டு, ஒரு துண்டறிக்கையும் வைத்து, லட்சக்கணக்கில் விற்றார்கள். அப்பாவிகள் செத்ததை ஜெர்மனி பதக்கம் அடித்துக் கொண்டாடுகிறது, இதோ சாட்சி! தவறான தேதி இன்னும் வசதியாகப் போனது: பாருங்கள், முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறார்கள். நகலைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மாதத்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். மற்றபடி படத்தை மாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. 1917இல் பவேரிய அரசே அந்தப் பதக்கத்தைத் தடை செய்தது.

நண்பன் சொல்லி முடித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சைட்டில் ஒரு தொழிலாளர் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தது. மழையிலும் வேலையை நிறுத்தாதே என்ற உத்தரவு எனக்கு ஆத்திரம். அன்று இரவே ஒரு வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் செய்தேன். மஞ்சள் ஹெல்மெட் போட்ட எலும்புக்கூடு, கீழே 'வேலை முடிந்தது!' இன்ஜினியர்கள் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு வாரத்தில் அது தொழிலாளர் தங்கும் விடுதிவரை போய்விட்டது. விழுந்தவரின் ஊர்க்காரர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், டீ குடிக்கும் இடத்தில் போனைக் காட்டினார்.

"இது நீங்க பண்ணுனதா சார்?"

"நான் கம்பெனியத்தான் சொன்னேன் அண்ணே."

"இதுல கம்பெனி எங்க சார் இருக்கு? எலும்புக்கூடு எங்க ஹெல்மெட்டத்தானே போட்டிருக்கு?"

என்னுடையது வெள்ளை ஹெல்மெட். அதை வரையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் நல்லெண்ணத்தை யாரோ திரித்துவிட்டார்கள் என்றே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். பதக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். கப்பல் இருக்கிறது, டிக்கெட் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவர்கூட இல்லை. எதிரி விற்றது கோட்ஸ் விட்டுவைத்த அந்த வெற்றிடத்தைத்தான்.

ஸ்டிக்கரை என் போனிலிருந்து அழித்து நாளாகிவிட்டது. போன வாரம் வேறு சைட்டில் வேலை செய்யும் ஒருவர் அதையே எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.