பந்து 12.30க்கு, மணி 7.30க்கு

பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கோ.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிகிற நேரம் ஒரு அப்பா எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "ஜூலை 20 திங்கட்கிழமை. அண்டைக்கு ஒருநாள் மட்டும் பள்ளிக்கூடத்தை 9 மணிக்குத் தொடங்கினால் என்ன சேர்? பெடியள் எப்பிடியும் முழிச்சிருந்து பைனல் பாக்கத்தான் போறாங்கள். 7.30க்கு வந்து மேசையில படுக்கிறதை விட, நித்திரை கொண்டிட்டு வரட்டுமே." பின்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் அடுத்த விஷயமான மலசலகூடத் திருத்தத்துக்குப் போய்விட்டது.

எனக்கு அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்தத் திங்கள் காலையில் பாதித் தூக்கத்தில் இருக்கிற 40 பேருக்கு முன்னால் நிற்கப் போவது எங்களைப் போன்ற ஆட்கள். அதனால் அவருக்கு அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரங்களைப் பார்ப்போம். இந்த முறை உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ என்று 3 நாடுகளில். 48 அணிகள், 104 ஆட்டங்கள். முதல் ஆட்டம் நம் நேரப்படி ஜூன் 12 அதிகாலை 12.30. அரையிறுதி இரண்டும் ஜூலை 15, 16, புதனும் வியாழனும், அதே 12.30. இறுதி ஆட்டம் அங்கே ஞாயிறு பின்னேரம், நமக்குத் திங்கள் அதிகாலை 12.30. இடைவேளையில் பாட்டு நிகழ்ச்சியும் வைக்கிறார்களாம். மேலதிக நேரம், பெனால்டி என்று இழுபட்டால் 3 மணி தாண்டும்.

2018, 2022 இரண்டு இறுதி ஆட்டங்களும் நமக்கு ஞாயிறு இரவு 8.30க்குத் தொடங்கின. மெஸ்ஸி கிண்ணம் தூக்கின இரவுகூடப் பிள்ளைகள் 12 மணிக்குள் படுத்துவிட்டார்கள். அந்தச் சுகத்தில் பழசை மறந்துவிட்டோம். 2014இல் ரியோவில் நடந்த இறுதி ஆட்டமும் இதே மாதிரித் திங்கள் அதிகாலை 12.30க்குத்தான். ஜூலை 14. கோற்சே 113ஆவது நிமிடத்தில் அடித்த கோலை இங்கே பார்த்தவர்கள் விடிய 3 மணிவரை முழித்திருந்தவர்கள்.

நான் அப்போது புத்தளத்தில் இருந்தேன். நோன்பு காலம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. பிரேசில் 7 கோல் வாங்கின அந்த அரையிறுதி இரவு 1.30க்குத் தொடங்கி, முடிய ஸஹர் நேரம் சரியாக வந்தது. எங்கள் தெருவில் மஞ்சள் சட்டை போட்ட பெடியள் சோற்றைப் பிசைந்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. ஸுபஹ் தொழுதுவிட்டு எல்லாரும் படுத்தோம். யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லை. முழிப்புக்கு ஏற்றமாதிரி வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டி போடப்பட்டிருந்தது. அந்த மாதத்துக்கு விட்ட நாட்களை வேறு தவணையில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்துப் பாடசாலைகளுக்கும் இது புதுசில்லை. சிவராத்திரிக்கு மறுநாள் வடக்கில் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டு, ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை வைத்த வருடங்கள் பல. ஊர் முழுக்க முழிக்கும் என்று தெரிந்தால் ஒரு நாளை மாற்ற இந்த நிர்வாகத்துக்குத் தெரியும். அதுவும் அளவெட்டிக்கு முழிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தவில் தெட்சணாமூர்த்தி வாழ்ந்த மண், என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த மண். கோயில் வீதி மணலில் பாய் விரித்து விடிய விடிய மேளம் கேட்ட கதையை என்னோடு படிப்பிக்கிற மூத்த ரீச்சர்மார் சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையாக இருக்கும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனீர்களா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள்.

ஆகவே "விளையாட்டுக்காகப் பள்ளிக்கூடத்தை மாற்றுவதா?" என்ற முகச்சுழிப்பு என்னிடம் இல்லை. ஆனாலும் 9 மணிக்கு நான் உடன்படவில்லை.

சிவராத்திரிக்கும் நோன்புக்கும் வீடு முழுக்கச் சேர்ந்து முழிக்கும். இறுதி ஆட்டத்துக்கு முழிக்கப் போவது யார்? தரம் 8க்கு மேற்பட்ட பெடியளில் ஒரு பகுதி, பெட்டையளில் கொஞ்சப் பேர், அப்பாமார், அண்ணாமார். தரம் 1 பிள்ளை 9 மணிக்கே நித்திரைக்குப் போய் 6 மணிக்கு எழும்பிவிடும். வெங்காயத் தோட்டத்துக்கோ, யாழ்ப்பாணத்தில் கடை வேலைக்கோ, ஆஸ்பத்திரி வேலைக்கோ போகிற அம்மா அந்தப் பிள்ளையை 7.15க்குப் படலையில் விட்டுவிட்டுத்தான் போவார். 9 மணிவரை அது எங்கே நிற்கும்? ஆரம்பப் பிரிவுக்குப் பாடசாலையில் தருகிற சாப்பாட்டை எண்ணிப் பாருங்கோ. அதைச் சமைத்துத் தருகிற அம்மாமார் விடிய வெள்ளென அடுப்பு மூட்டுகிறார்கள். அந்தச் சாப்பாடுதான் அன்றைய முதல் சாப்பாடு என்று வருகிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று இங்கே எழுத மாட்டேன். ஊர் சின்னது, உங்களுக்கே தெரியும்.

பிறகு பஸ். சிசு செரிய பஸ் பள்ளிக்கூட நேரத்துக்குத்தான் ஓடும். நம் ஒரு பாடசாலை அதிபருக்காக டிப்போ அட்டவணையை மாற்றாது. நானே சோனகத் தெருவில் இருந்து வெளிக்கிட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி இங்கே வருகிற ஆள். என்னை விடுங்கோ, ஸுபஹ்க்கு எழும்புகிறவனுக்கு 7.30 ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் வெளியில் இருந்து வருகிற பிள்ளைகளும் ஆசிரியர்களும் வழமையான பஸ்ஸிலேயே வந்து இறங்கி, பூட்டின கேற்றுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும்.

பாடவேளைக் கணக்கும் இருக்கிறது. 7.30க்கு மணி, பிரார்த்தனை, பிறகு 40 நிமிடப்படி 8 பாடவேளை, நடுவில் ஒரு இடைவேளை, 1.30க்கு வீடு. 9க்குத் தொடங்கினால் 2 பாடவேளை போய்விடும். முடிவை 3 மணிக்குத் தள்ளலாம் என்பவர்கள் ஜூலை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே 2 மணிக்கு ஒருமுறை வந்து இருந்து பார்க்க வேண்டும். 2 மணிவரை பாடசாலையை நீட்டப் போகிறோம் என்று கல்வி அமைச்சு சொன்னபோது ஆசிரியர் சங்கங்கள் எழுப்பின சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும்.

"வெளிநாடுகளில் விடுகிறார்களே" என்று கூட்டத்துக்குப் பிறகு ஒரு தம்பி சொன்னார். விடுகிறார்கள்தான். 2021 ஜூலை 11, ஐரோப்பியக் கிண்ண இறுதியில் இங்கிலாந்து விளையாடியபோது அங்கே பல பாடசாலைகள் மறுநாள் பிந்தி வர அனுமதித்தன. (பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றதால் பிள்ளைகள் பிந்தியும் வந்தார்கள், அழுதுகொண்டும் வந்தார்கள்.) 2022 நவம்பரில் சவூதி ஆர்ஜென்ரீனாவை 2–1 என்று வென்றதற்கு அடுத்த நாள், மன்னர் மாணவர்கள் உட்பட எல்லாருக்கும் விடுமுறை கொடுத்தார். ஸ்கொட்லாந்தில் இந்த ஜூன் 15 விடுமுறை. 1998க்குப் பிறகு அவர்கள் உலகக் கிண்ணத்துக்கே இப்பதான் வருகிறார்கள். மூன்று இடத்திலும் விளையாடினது, விளையாடப் போவது அவர்களுடைய சொந்த அணி. இலங்கை உலகக் கிண்ணத்துக்குத் தெரிவானதே இல்லை. ஆகிற அன்று அளவெட்டிச் சந்தியில் முதல் பட்டாசு நான் கொளுத்துகிறேன், பள்ளிக்கூடத்தையும் பூட்டுவோம்.

இன்னுமொன்று. உதைபந்தாட்டத்துக்காக ஒரு பிள்ளைக்குக் காலையில் நித்திரை கொடுக்க வேண்டும் என்றால், அது விளையாடுகிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அணியை நாடே அறியும். இளவாலை ஹென்றியரசர் அணியையும் அப்படித்தான். இப்படியான அணிகளில் இருக்கிற பிள்ளைகள் தேசிய மட்டப் போட்டிக்கு என்று தெற்கே போய், ஆட்டம் முடித்து, இரவு பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்து விடிய இறங்குகிறவர்கள். அவர்கள் அன்று பள்ளிக்கூடம் வராவிட்டால் சில வீட்டில் "விளையாட்டாலதான் படிப்புக் கெடுது" என்று பேச்சு விழும். அந்தப் பெட்டையளுக்காக எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் எழும்பி 9 மணி கேட்டதை நான் காணவில்லை. பார்க்கிறவர்களுக்காக கேட்கிறோம். அந்த அப்பாவிடம் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் இதுதான். அவரும் வாலிபத்தில் நல்ல பின்கள வீரராம்.

சரி, அப்படியானால் திங்கட்கிழமை பிள்ளைகள் மேசையில் படுக்கட்டும் என்று விடுகிறேனா? இல்லை. நித்திரையைக் களவெடுக்கிறது யார் என்று கேட்கிறேன்.

என் தரம் 11 வகுப்பில் வழமையான ஒரு செவ்வாய்க்கிழமை, பந்தும் இல்லை திருவிழாவும் இல்லை, 3ஆம் பாடவேளையில் கொட்டாவி விடுகிற பிள்ளைகளை மெதுவாக விசாரித்தால் கதை ஒன்றுதான். விடிய 6 மணிக்கு ரியூசன். அங்கிருந்து நேரே சைக்கிளில் பள்ளிக்கூடம். 1.30க்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, 3 மணிக்கு வேறொரு ரியூசன். இரவு 7க்கு வீடு. வீட்டுப்பாடம் முடிய 11. பிறகு போன். இந்தப் பிள்ளைக்கு ஒரு இரவு இறுதி ஆட்டம் பார்க்க இடம் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே கடனில் ஓடுகிற நித்திரை. நாங்கள் 7.30 மணியைத் தள்ளிவைக்கக் கேட்கிறோம், 6 மணியைப் பற்றி வாயே திறப்பதில்லை. காசு கட்டினது என்பதாலோ தெரியாது, ரியூசன் நேரம் மட்டும் மலைபோல அசையாமல் நிற்கிறது.

அசைக்க முடியாததும் இல்லை. சமய வகுப்புகளுக்காக வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் கீழ் வகுப்புகளுக்கு ரியூசன் வைக்க வேண்டாம் என்று யாழ்ப்பாணத்தில் முடிவெடுத்தார்கள். முழுதாக நடந்ததா என்பது வேறு கதை. ஆனால் ஊர் கூடிக் கதைத்தால் அது கதைக்கக்கூடிய விஷயம் என்று தெரிந்தது.

பருவ வயதுப் பிள்ளைகளின் உடம்புக் கடிகாரம் பிந்தித்தான் ஓடும். இரவு 11க்கு முன் அவர்களுக்கு நித்திரை வருவதே கஷ்டம். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2014இலேயே உயர்வகுப்புகளை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று சொன்னது. கலிபோர்னியாவில் 2022 முதல் அது சட்டம். இதைப் பற்றி, வருடம் முழுவதற்கும், வலயக் கல்வி அலுவலகத்தோடும் பஸ்காரரோடும் இருந்து கதைக்க யாராவது கூப்பிட்டால் முதல் கதிரையில் நான் இருப்பேன். ஒரு பந்துக்காக ஒருநாள் மாற்றுவதில் அந்தப் பெரிய கேள்வி தொலைந்து போய்விடும்.

நேரத்தை மாற்றுகிறபோது சின்னப் பிள்ளைகள்தான் விலை கொடுப்பார்கள் என்பதை நம் நாடு ஒருமுறை பார்த்தது. 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த என்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், பிறகு அரை மணி குறைத்தார்கள். "புது நேரம், பழைய நேரம்" என்று சொல்லிப் பழகினவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். வன்னியில் பழைய நேரமே இருந்தது, முகமாலை தாண்டினால் கையில் கட்டின மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். அந்தக் காலம் முழுக்கப் பிள்ளைகள் இருட்டில் எழும்பி வெளிக்கிட்டார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. 10 வருடம்.

இனி என் வேண்டுகோள்கள். அளவெட்டி, சுன்னாகம், மல்லாகம் பக்கம் விடிய வகுப்பு எடுக்கிற ரியூசன் ஆசிரியர்களே, உங்களில் பலர் என் நண்பர்கள், சிலர் என் பழைய மாணவர்கள். ஜூலை 15, 16, 20 ஆகிய மூன்று காலையும் 6 மணி வகுப்பை விட்டுவிடுங்கோ. ஞாயிறு பின்னேர வகுப்பையும் 5 மணிக்குள் முடியுங்கோ. பிள்ளை 8 மணிக்குப் படுத்து 12.15க்கு எழும்பட்டும். முடிய 3 மணிக்குப் படுத்து 6.45க்கு எழும்பினால் 7.30க்கு வகுப்பில் கண் திறந்திருக்கும். எங்கள் நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வீடு இப்படி நித்திரையை இரண்டாகப் பிரித்துத்தான் சமாளிக்கிறோம். பழக்கம் தெரியாதவர்கள் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் கேளுங்கோ, சந்தோசமாகச் சொல்லித் தருவார்கள்.

வாசிகசாலை இளைஞர்களே, ஒரு பெரிய திரை போட முடிந்தால் போடுங்கோ. தனிய ஒரு அறையில் போனைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற பிள்ளை ஆட்டம் முடிந்தாலும் போனை வைக்காது. அப்பாவோடும் சித்தப்பாவோடும் பார்த்தால் முடிந்ததும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பெட்டையளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ. விளையாடுகிறது அவர்களும்தானே.

என் பக்கத்துக்கு: அன்று முதல் பாடவேளை எனக்குத் தரம் 11. சோதனை வைக்க மாட்டேன், புதுப் பாடமும் தொடங்க மாட்டேன். வரவு இடாப்பில் 7.30க்கு வந்தவர் வந்தவர், பிந்தினவர் பிந்தினவர், அதில் மாற்றம் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளுக்கு இப்பவே சொல்லிவையுங்கோ. பார்க்காமல் படுத்துவிட்டு, பின்னேரம் மறுஒளிபரப்புப் பார்க்கலாம் என்று காதைப் பொத்திக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். படலைக்குள் வரும்போதே ஸ்கோரைக் கத்திச் சொல்லுகிற ஆளுக்குக் கரும்பலகை துடைக்கிற வேலை ஒரு கிழமைக்கு.