காக்கி உடுப்பு

52 வயதில் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தேன் என்றால் சிரிக்க மாட்டீர்களா? என் மனைவி சிரித்தாள். நல்லவேளை, இது நடிப்புப் பட்டாளம். வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய் உடுப்பை மாட்டிக்கொண்டு, கூடாரமடித்து, அணிவகுத்து, அந்நாளைய வாழ்க்கையை மக்களுக்குக் காட்டும் தொண்டர் குழு. இங்கிலாந்தில் 1960-களிலேயே இத்தகைய சங்கங்கள் தோன்றிவிட்டன.

கேமரன் மலையில் தேயிலை லாரி ஓட்டுகிற என்னை ஒரு நண்பர்தான் இதில் இழுத்துவிட்டார். குழுவினர் எடுத்துக்கொண்டது அவசரகாலம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துப் பிரகடனமாகி, 1960 ஜூலை 31-இல்தான் அது முடிந்தது. எனக்குத் தோட்டக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேடம். அந்த வேலையில் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், தமிழரும் இருந்தார்கள். காக்கிச் சட்டை, தொப்பி, மரத்தில் செதுக்கிய துப்பாக்கி. பெல்ட் பித்தளையைத் துலக்குவதிலேயே இரண்டு இரவுகள் போயின. பெருமைதான், வேறென்ன!

உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவரை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"சோத்துச் சட்டியையும் தொறந்து பாப்பியா?" என்றார்.

அம்மா தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. அரிசிக்கு அளவு. கடையில் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். சேர்த்து வைக்க முடியாது. பால் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. விடியற்காலையில் கேட்டில் வரிசையாக நின்று, சோதனை முடிந்த பிறகே வெளியே போகலாம்.

அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. கூடவரும் பிள்ளைக்குப் பசி தாங்காதே என்று பாட்டி ஒரு பிடி சோற்றை இலையில் சுற்றி மடியில் செருகியிருக்கிறார். கேட்டில் அகப்பட்டுக்கொண்டது. சேற்றில் கொட்டியவர் பக்கத்து லயத்துக்காரர். அம்மா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாராம்.

"அவரை ஏசிப் பிரயோசனமில்லப்பா. அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் அவரையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் குழுத் தலைவரிடம் ஒரு கேட்டு வைக்க வேண்டும் என்றேன். ஜனங்கள் துப்பாக்கி பார்க்கத்தான் வருவார்கள் என்று தயங்கினார். பேசிப் பேசி ஒரு மூலையில் இடம் வாங்கினேன். இரண்டு கம்பு, கொஞ்சம் கம்பி, ஒரு மேசை. அவ்வளவுதான்.

நிகழ்ச்சியன்று பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சிறுமி கையில் பலகாரப் பொட்டலம். "திற!" என்று அதட்டினேன். அவள் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வழிவிட்டுவிட்டேன்.

இரவு வீடு திரும்பியதும் அம்மா கேட்டார், "யாரு சோத்தையாச்சும் கொட்டுனியா?"

"இல்லம்மா."

"அப்ப நீ சரியா நடிக்கல" என்று சொல்லி, எனக்குச் சோறு போட்டார்.