ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது அந்த ஸ்டுடியோ. வெளிப்பலகையில் பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே அதிகம் நடப்பது பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலை. கடைக்காரர் எண்பதுகளின் கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கியவர். உடன் வேலை பார்க்கும் இளைஞர் அவரை ‘அண்ணே’ என்கிறார்.

நான் போனபோது மேசையில் சின்ன ஹை-8 கேசட் ஒன்று கிடந்தது. துபாயில் வேலை பார்த்தவர் ஊருக்குக் கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்ததாம்.

“கல்யாண கேசட் வேற, இது வேற சார்” என்றார் கடைக்காரர். “அதுல மிக்ஸிங் பண்ணும்போது நாங்களே சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிருவோம். யார் என்ன பேசுனாங்கன்னு கேக்காது. இதுல வீட்டு ஆளுக பேச்சு அப்படியே இருக்கும்.”

எத்தனை வீடுகளில் தாத்தா, பாட்டியின் குரல் இப்படி ஒரு ஹேண்டிகேம் கேசட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும்!

முதல் வேலை டேப்பைப் பார்ப்பது. மூடியைத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓரங்களைப் பார்க்கிறார். திருநீறு தூவினாற்போல் வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. அந்த கேசட் தனியே போய்விடும். சுத்தம் செய்யாமல் ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். இந்த கேசட் சுத்தமாக இருந்தது.

அடுத்து ஹெட். ‘பால்’ (PAL) முறை ஹை-8 கேமராவில் டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. அதில் பதித்த ஹெட் டேப்பைச் சாய்வாக வருடிப் படத்தைப் படிக்கிறது. இளைஞர் ஷாமி தோலை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கை விரலால் டிரம்மின் மேல்விளிம்பை மெல்லச் சுற்றினார். தோலில் பழுப்புக் கறை இறங்கியது. “மேலயும் கீழயும் தேய்ச்சா ஹெட் உடைஞ்சிரும்” என்றார். ஆல்கஹால் உலரும்வரை இருவரும் கேமராவைத் தொடவில்லை.

பிறகுதான் கேபிள். மஞ்சள் பின்னில் படம், வெள்ளை, சிவப்புப் பின்களில் ஒலி. எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டுவிடுகிறார்கள். அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாக வருவதால் படம் தெளிவாக இருக்கிறது. மலிவான யூஎஸ்பி கேப்சர் கருவியில் பிரேம்கள் விடுபட்டு, போகப்போக உதட்டசைவும் பேச்சும் விலகிவிடுவது உண்டு.

இவர்கள் நம்புவது 1999-இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்-8 கேமராவை. அதில் சில மாடல்கள் பழைய ஹை-8 டேப்பையும் ஓட்டி, ‘டிவி’ (DV) என்ற டிஜிட்டல் வடிவமாக மாற்றி, பயர்வயர் வழியே அனுப்பும். மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளை கிடையாது. கார்டு செருகிய ஒரு பழைய டெஸ்க்டாப்பை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். கேமரா, டெஸ்க்டாப் இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருகுகிறார்கள். திருப்பி அழுத்தினால் போர்ட் எரிந்துவிடும்.

கேசட் ஓடத் தொடங்கியது. மஞ்சள் வெயிலில் ஒரு முற்றம், யாரோ ஒரு அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். கடைக்காரர் ஹெட்போனோடு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேர கேசட்டை ஏற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் கோடு விழுந்தால் நிறுத்தி, ஹெட்டைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. பென்டிரைவில் காப்பி எடுக்கும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது நியாயமே இல்லை.

விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் தயாரிப்பை நிறுத்தியது. 2025 வாக்கில் காந்த நாடாக்களை ஓட்டும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவின் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் சொன்னது. இந்தக் கடை அலமாரியின் கீழ்த்தட்டில் செத்துப்போன கேமராக்கள் சில இருக்கின்றன. கியர், பெல்ட், பின்ச் ரோலர் எல்லாம் இவற்றிலிருந்துதான் கழற்றிப் போடுகிறார்கள். நல்ல டிரம் உள்ளது அவற்றில் ஒன்றுதான். அதையும் ஓடுகிற கேமராவுக்கு மாற்றிவிட்டால் அப்புறம் என்ன என்று கேட்டேன்.

“அதுக்குள்ள கேசட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்க சார்” என்றார்.