பாப்பா மேல் தப்பில்லை

இன்று ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டுப் பாப்பா ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் என்னிடம் பைத்தான் கற்றுக்கொள்கிறாள். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகுதான் நானே இதைப் படித்தேன். எங்கள் நாமகிரிப்பேட்டையில் கணக்கு என்றால் மஞ்சள்தானே. விரலி 40 மூட்டை, மூட்டைக்கு 2 கிலோ 'லெஸ்' என்று ஒரு கணக்கு போட்டேன். லெஸ்ஸுக்கு ஆங்கிலச் சின்ன 'எல்' என்று பெயர் வைத்து, பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுத்துரு கூரியர் நியூ. தட்டச்சு படித்த காலத்து ஆசை.

80 கிலோ கழிய வேண்டிய இடத்தில் 40தான் கழிந்தது. பிழைச் செய்தியும் வரவில்லை. "நல்லாப் பாரு கண்ணு" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் ஏறிவிட்டது.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க சார்" என்று நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் அடித்ததைக் கன்சோலாஸ் எழுத்துருவில் திறந்தேன். முதல் வரியில் நான் வாயால் சொன்ன 'எல்' சரியாக இருந்தது. கழிக்கும் வரியில் எண் 1. கூரியரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் 1-க்குத் தனி விசையே கிடையாது, சின்ன 'எல்'தான் அடிப்போம். அந்தப் பழக்கத்தை ஒரு குழந்தையின் தலையில் கட்டிவிட்டேன்.

நிரல் எழுதுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 1, சின்ன 'எல்', பெரிய 'ஐ', பூஜ்யம், பெரிய 'ஓ' ஐந்தையும் வரிசையாக அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஐந்தாகத் தெரிய வேண்டும். கன்சோலாஸில் பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு உண்டு. 2020-ல் வந்த ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ இலவசம்.

தமிழுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். கன்சோலாஸில் தமிழ் எழுத்து இல்லை, கம்ப்யூட்டரே வேறொன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 2000-ல் லதா வந்தது, விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா. இலவசமாக நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இருக்கின்றன. 'ழ', 'மு' இரண்டையும் சின்ன அளவில் பாருங்கள். புள்ளி தெரிகிறதா பாருங்கள். 'கல்' என்பது 'கல' ஆகிவிடக் கூடாது. ஒன்று மட்டும் எழுத்துருவால் தீராது: 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என இரண்டாக அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஔவையார் கிடைக்கமாட்டார்.

மறுநாள் அவள் வீட்டுக்கே போய், "தப்பு என் மேலதான் கண்ணு" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு வரும்ங்களா சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. ஸ்டென்சில் வெட்டி, மை மங்கிய வினாத்தாள் கொடுத்த காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தேனோ! ஆசிரிய நண்பர்களே, பிள்ளைக்கு அனுப்புவதை முதலில் ஒரு சின்னப் போனில் நீங்களே படித்துப் பாருங்கள்.