மாயாவியை வாசிக்கலாமா?

ஒரு நூலைத் தொடங்குமுன் அதனைத் தொடங்கலாமா என்று நீண்ட நேரம் சிந்திப்பது நம்மிற் பலருக்கு வழக்கமன்று. கையிற் கிடைத்ததை வாசிக்கிறோம். பிடிக்காவிடின் மூடி வைக்கிறோம். ஆனால், தொடராக வெளிவரும் கதைகளின் நிலை வேறு. ஒன்றைத் தொட்டால் அடுத்தது அழைக்கும். எங்கள் ஊர்ப் பேச்சிற் கூறுவதானால், அது சம்பந்தம் பேசுவதைப் போன்றது. ஒருவரை ஏற்றால் அவருடைய சுற்றத்தார் அனைவரையும் ஏற்க வேண்டும்.

அத்தகைய தொடரொன்றைத் தொடங்குவதா விடுவதா என்று ஏறத்தாழ ஒரு வருட காலம் நான் தயங்கினேன். அது காப்பியமன்று, உலக நாவலுமன்று. இரும்புக்கை மாயாவி என்னும் சித்திரக்கதைத் தொடர். இத்துணைச் சிறிய விடயத்துக்கு இத்துணைப் பெரிய தயக்கமா என்று நகைப்போர் நகைக்கட்டும். தயக்கத்தின் காரணம் நூலில் மாத்திரம் இருக்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டு ஜனவரியில் தன் முதல் இதழாக வெளியிட்டது இம்மாயாவியின் கதையையே. அதன் மூலம் ஆங்கிலம். 1962 ஒக்டோபரில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியரான ஹேசுஸ் பிளாஸ்கோ அதனை வரைந்தார். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஆய்வுகூட உதவியாளன். ஒரு கையை இழந்து, இரும்பினாலான கை பொருத்தப்பெற்றவன். ஆய்வுகூடத்தில் நேர்ந்த விபத்தொன்றின் பின், உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடுவான். இரும்புக்கை மாத்திரம் மறையாது; அது அந்தரத்தில் மிதக்கும். 1938இல் அமெரிக்காவில் தோன்றிய சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன். இவனோ விபத்திலிருந்து வந்தவன்.

இத்தொடரின் பல இதழ்கள் சவளக்கடையில் எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. உம்மாவின் தம்பியாகிய மாமா, இளமையில் கல்முனைக்குச் சென்றபோதெல்லாம் வாங்கியும் நண்பர்களிடம் மாற்றியும் சேர்த்தவை அவை. பெட்டி பூட்டப்படவில்லை. எனினும் அதனை எவரும் திறப்பதில்லை.

பல்கலைக்கழகம் புகுந்த பின் அப்பெட்டி என் நினைவில் அடிக்கடி வந்தது. விடுதி நண்பரிடம் அதைப் பற்றிச் சொன்னபோது அவர் வியந்தார். கலைப்பீட மாணவன் ஒருவன் வாசித்து முடிக்க வேண்டிய நூல்களின் பட்டியலே ஆயுளுக்குப் போதாதிருக்க, சிறுவர் கதைகளுக்கு நேரம் ஏது என்று வினவினார். நியாயமான வினாவே. வெல்ல முடியாத வீரன், தீய விஞ்ஞானி, இறுதியில் வெற்றி என்ற ஒரே அச்சு மனிதனைச் சிந்திக்க விடாது என்றும் அவர் வாதித்தார்.

இவ்வாதத்துக்கு விடை தேட நான் சற்றே பின்னோக்கிச் சென்றேன். ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் அசன்பேயுடைய கதையை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்ட ஒருவன் இடர் பல கடந்து உயர்நிலை அடையும் வீரசாகசக் கதையே அது. அதற்கும் முன்னர், படைப்போர் என்ற ஒரு தனி இலக்கிய வகையே இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களிடம் வளர்ந்திருந்தது. தனியொரு வீரர் பெரும் படைகளைச் சிதறடிக்கும் காட்சிகள் அதில் நிறைய உண்டு. என் உம்மும்மா எழுத்தறியாதவர். ஆயினும் கிஸ்ஸாக்களின் நீண்ட பகுதிகளை மனனமாகச் சொல்லுவார். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிந்தனை மழுங்கியவர்களென எவரும் சொல்வதில்லை. எனவே, மனித ஆற்றலை மிஞ்சிய வீரனை விரும்புவது இறக்குமதியான பழக்கமன்று என்ற முடிவுக்கு வந்தேன். நண்பரின் வாதம் வீழ்ந்தது. ஆனாலும் பெட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் என் தயக்கத்தின் உண்மையான வேர் எனக்குப் புலப்பட்டது.

2010ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, ஓர் அரிசி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த மாமாவின் வலக்கையை இயந்திரத்தின் பட்டி இழுத்துக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய அவர் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். கையிழந்தவன் வீரனாகும் கதையைக் கையிழந்த ஒருவர் எவ்வாறு வாசிப்பார்? அவரறிய நான் எவ்வாறு வாசிப்பது? அது அவரைக் கேலி செய்வதாகாதா?

இங்கே இன்னொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டும். தெருச் சிறுவர்கள் மாமாவுக்கு 'மாயாவி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அக்கதைகளை அவர்களுக்கு ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தாம். ஒருமுறை அச்சிறுவர்களோடு சேர்ந்து நானும் அப்பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விபத்துக்குப் பின் கல்யாண வீடுகளுக்கு அவர் போவது குறைந்தது. எங்கள் பகுதியில் விருந்தென்றால் சகன். பலர் ஒரே தட்டைச் சூழ்ந்திருந்து வலக்கையால் எடுத்து உண்பர். இடக்கையோடு அவ்வட்டத்தில் அமர அவர் கூசினார். பள்ளிவாசலிலும் அவ்வாறே. தொழுகை முடிந்து ஸலாம் சொல்லிக் கை கொடுக்க வருபவர், ஒரு கணம் அவருடைய சட்டைக் கையைப் பார்த்துத் தடுமாறுவார். வேளாண்மையில் அவருக்கிருந்த அறிவையோ, அவர் கதை சொல்லும் அழகையோ எவரும் பேசவில்லை. இல்லாத கையே எல்லோர் கண்ணிலும் பட்டது, மனிதர் மறைந்துபோனார். பிளாஸ்கோ வரைந்தது கற்பனையென்று நான் எண்ணியிருந்தேன். அது எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது.

2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது நான் ஊரிலிருந்தேன். கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்கும் எங்களுக்கும் உள்ள நேர்வழி அறுந்துவிடும். மின்சாரமும் நின்றிருந்தது. வாசற்படி வரை நீர் ஏறிய இரவு, பாயையும் நெல் மூட்டையையும் உயர்த்திக்கொண்டிருந்தோம். மாமாவோ முதலில் கட்டிலுக்கடியிற் புகுந்து, அத்தகரப் பெட்டியை இடக்கையால் இழுத்தெடுத்து, மார்போடு அணைத்து மேசைமேல் வைத்தார். பதினான்கு வருடம் திறக்காத பெட்டியை அவர் மறந்திருக்கவில்லை.

"மாமா, இதுகள நான் வாசிக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. லாம்பின் திரியைச் சற்று உயர்த்தினார்.

"வாசி. ஆனா ஒண்டு தெரிஞ்சுக்க. இவன் தொடக்கத்தில நல்லவன் இல்ல, மருமகன். கை போன ஆத்திரத்தில களவெடுத்துத் திரிஞ்சவன். பொறகுதான் திருந்தினான்."

சிறிது நேரத்தின் பின், "ஆத்திரம் எனக்கும் இருந்த" என்றார். நான் சிறுவயதிற் சிரித்ததைக் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அது எனக்கு ஞாபகமில்ல" என்றார். ஞாபகமிருந்தது என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு பாம்புத்தீவு என்ற இதழை இருவரும் சேர்ந்து வாசித்தோம். நான் வாசித்தேன், அவர் இடக்கையால் பக்கம் புரட்டினார். சில இடங்களில் நான் வாசிக்குமுன்பே அடுத்த பக்கத்தில் என்ன நிகழுமென்பதைச் சொன்னார்.

இதுவரை பதினொரு இதழ்களை முடித்துள்ளேன். இவை பேரிலக்கியங்களென்று வாதிட நான் வரவில்லை. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பெண் பாத்திரங்கள் அரிது. பகைவர்கள் பெரும்பாலும் பகைமைக்காகவே பகைவர்கள். நண்பர் சொன்னவற்றுட் சில உண்மையே. ஆனால், கசப்பிலிருந்து தொடங்கிய ஒருவன் அதைக் கடந்து வருவதற்கும் ஒரு கதை இடம் கொடுக்கிறது என்பதை அவரும் நானும் அறியாதிருந்தோம். மாமா அறிந்திருந்தார்.

ஒரு நூலைத் தொடங்கலாமா என்ற வினாவுக்கு விமர்சனம் பாதி விடையைத் தரும். மறுபாதி, அந்நூல் எவர் கையிலிருந்து நம் கைக்கு வருகிறது என்பதிலே உண்டு. பெட்டியில் இன்னும் பல இதழ்கள் எஞ்சியுள்ளன. அவற்றை விடுதிக்குக் கொண்டுவரும்படி நண்பர் இப்போது கேட்கிறார். நான் மறுத்துவிட்டேன். அவை சவளக்கடையில், மாமாவோடிருந்து வாசிக்க வேண்டியவை.