இரண்டு பச்சைப் பட்டைகள்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் கூட்டாளிகளிடமிருந்து வேண்டுமென்றே பிரித்தேன். பதினோரு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சாரண ஆசிரியர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி நானே வகுப்பெடுத்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடக் கோடை விடுமுறையில் ஓர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' படித்தேன். 1985இல் வந்த அறிவியல் புனைவு நாவல். வேற்றுக்கோள்வாசிகளை எதிர்க்க ஒரு தளபதி வேண்டும் என்று ஆறு வயது எண்டரை விண்வெளிப் போர்ப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். போகிற வழியிலேயே, மற்றப் பிள்ளைகளின் காதுபட, இவன் ஒருவனுக்குத்தான் மூளை இருக்கிறது என்கிறார் அழைத்துப்போகும் கர்னல் கிராஃப். உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் இவன் தானாக யோசிப்பான் என்பது அவர் கணக்கு. தலைவன் இப்படித்தான் உருவாகிறான் என்று நினைத்து அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

அடுத்த சாரணர் முகாமில், கொடியேற்றி முடிந்ததும், அணித் தலைவனாக இருந்த அந்தப் பையனை முன்னால் அழைத்தேன். "இந்த முப்பது பேரில் யோசிக்கத் தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

மத்தியானம் மாந்தோப்பில் கொடி பிடிக்கும் ஆட்டம். ஸ்கார்ஃபை இடுப்பில் வால் போலச் செருகிக்கொள்ள வேண்டும். பறிபோனால் ஆட்டத்தை விட்டு வெளியே. அவன் அணி முன்னிலையில் இருந்தபோது விசில் ஊதி விதியை மாற்றினேன். இனி மற்ற மூன்று அணிகளும் சேர்ந்து இவனை எதிர்க்கும். எண்டரின் படை மீதும் இரண்டு படைகளை ஒரே நேரத்தில் ஏவுவார்கள் அல்லவா?

அவன் அணிப் பையன்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் ஸ்கார்ஃபைத் தாங்களே உருவி எதிரணியிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் ஓடினான். வேரில் தடுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்த்தான். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. ஊதவில்லை. ஏதாவது வழி கண்டுபிடிப்பான் என்று காத்திருந்தேன்.

இரவு கூடாரத்துக்கு வந்தான். சட்டைப் பையில் இருந்த, அணித் தலைவனுக்குரிய இரண்டு பச்சைப் பட்டைகளையும் தையல் பிரித்து எடுத்து வந்திருந்தான். ஓரத்தில் நூல் தொங்கியது. "வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார்." பிறகு அவன் சாரணர் வகுப்புக்கு வரவே இல்லை. தலைமையாசிரியர் கேட்டபோது படிப்புச் சுமை என்று பொய் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து அந்த நாவலை மறுபடி எடுத்தேன். நான் கோடு போடாத பக்கங்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. எண்டர் தளபதியானதும் நாற்பது பேரை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறான். குழுவுக்கு எட்டுப் பேர், நம் சாரணர் அணியின் அளவுதான். ஒவ்வொரு குழுத் தலைவனும் தன் உத்தரவுக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கப் பழக்குகிறான். 1907இல் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்துப் பொறுப்பை அந்தந்த அணித் தலைவனிடமே விட்டதும் இப்படித்தான். வருடாவருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம். அதை விட்டுவிட்டு கிராஃபைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், பயிற்சி ஆட்டம் என்று நம்பி ஆடியது நிஜப் போர், தான் ஓர் இனத்தையே அழித்துவிட்டோம் என்று தெரிந்ததும் எண்டர் நொறுங்கிப்போகிறான். அதையும் நான் முதல் தடவையே படித்திருந்தேன்.

புத்தகத்தின் மேல் பழி போட முடியாது. என் படையிலிருந்து ஒருவன் ராஷ்டிரபதி விருது வாங்க வேண்டும், அவனை உருவாக்கியவர் என்று நாலு பேர் என்னைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதற்கு அவன் கிடைத்தான்.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அவனே வந்து வணக்கம் சொன்னான். "இன்னும் கேம்ப் போடுறீங்களா சார்?" என்று கேட்டான். "போடுறேன்பா" என்றேன். வேலை, வீடு என்று பேசினோம். பேருந்து வர முழுதாகக் கால் மணி நேரம் இருந்தது. அந்த முகாமைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.