நெய்வேலி மேடையில் ஒரு சுருதிச் சோதனை

ஆடி மாதம், மாலை நாலரை மணி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அம்மன் கோயிலின் செடல் திருவிழா. கோயிலுக்கு எதிரே சவுக்குக் கம்பு நட்டுப் பலகை பரப்பி மேடை போட்டிருக்கிறார்கள். சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு மணிக்கு மெல்லிசைக் கச்சேரி.

பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி மேடை ஓரத்தில் துண்டு விரித்து ஐந்து பொருள்களை வரிசையாக வைத்திருந்தார். டியூனர் செயலி போட்ட ஒரு செல்போன். கிட்டாரின் தலையைக் கவ்விக்கொள்ளும் கிளிப் டியூனர். மலிவு விலையில் வாங்கிய ஒரு குட்டி டியூனர் பெடல். நண்பர்களிடம் இரவல் வாங்கிய பாஸ் டி.யூ-3, டி.சி. எலெக்ட்ரானிக் பாலிடியூன் 3 என்ற இரண்டு பெடல்கள்.

“போன மாசம் ஒரு ஊர்ல மானம் போச்சுண்ணே. நாலாவது பாட்டுலயே பேஸ் இறங்கிக் கெடந்திருக்கு. எனக்குத் தெரியல. மேடைய விட்டு இறங்குனதும் பாடகர் சொன்னாரு. இனிமே நல்ல டியூனர் இல்லாம மேடை ஏறக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். எதை வாங்கலாம்னு நீங்க நேர்ல பாத்துச் சொல்லுங்க” என்று அழைத்திருந்தார்.

நானும் மேடைகளில் பேஸ் வாசித்தவன். அந்த வலி எனக்குத் தெரியும். பேஸ் சுருதி விலகினால் கூட்டத்தில் யாரும் பேஸைக் குறை சொல்ல மாட்டார்கள். பாடகர் சுருதி சேராமல் பாடுகிறார் என்றுதான் சொல்வார்கள். வீட்டின் அஸ்திவாரம் இறங்கினால் விரிசல் மேலே சுவரில் தெரிவது மாதிரி. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடக்கும். அவருக்கு வாசித்த சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் விரல் நடையை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வாசிக்கிறவருக்குச் சுருதி முதல் மரியாதை.

கடையின் அமைதியில் எல்லா டியூனரும் ஒழுங்காகத்தான் காட்டும். அதனால் மேடையிலேயே பார்த்துவிடுவது என்று தொடங்கினோம்.

தடித்த கம்பிதான் பரீட்சை

முதலில் செல்போன். மேடை அமைதியாக இருந்தவரை அதுவும் கம்பிகளைக் கண்டுபிடித்தது. தவில்காரர் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், ரிதம் பேட்காரர் கிக்கை அமுக்கினார், அவ்வளவுதான். திரையில் முள் அங்குமிங்கும் ஓடியது. செல்போன் மைக் பேச்சுக் குரலுக்காக அமைந்தது. பேஸின் அடி ஒலி அதற்கு எட்டுவதே சிரமம். சுற்றிலும் சத்தம் வந்துவிட்டால் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்தது கிளிப். அது மரத்தின் அதிர்வைப் பிடிப்பதால் காற்றில் வரும் சத்தத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் மேடைப் பலகையே அதிரும்போது கிட்டாரின் கழுத்தும் சேர்ந்து அதிர்கிறது. ரிதம் ஓடும்போது ஈ கம்பியை மீட்டினோம். எழுத்து தோன்றித் தோன்றி மறைந்தது. வீட்டில் சாதகம் செய்ய நல்ல துணை. மேடைக்கு இதை மட்டும் நம்பிப் போக முடியாது.

பெடலின் பலம் இங்கேதான். அது காற்றையும் கேட்பதில்லை, மரத்தையும் கேட்பதில்லை. பிக்கப்பிலிருந்து கேபிள் வழியே வரும் மின் அலையை மட்டுமே பார்க்கிறது. பக்கத்தில் பத்துத் தவில் முழங்கினாலும் அதற்குக் கவலை இல்லை.

ஆனால் எல்லாப் பெடலும் பேஸுக்கு ஒத்துவராது. நாலு கம்பி பேஸில் ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பிக்கு 31தான். ஸ்வரம் எது என்று அறிய டியூனர் சில அதிர்வுகளையாவது முழுதாகப் பார்த்தாக வேண்டும். அதிர்வு மெதுவாக வந்தால் காத்திருக்கும் நேரமும் கூடும். அதோடு, தடித்த கம்பியில் அடிநாதத்தைவிட அதன் ஹார்மோனிக்குகள் பலமாக ஒலிப்பதும் உண்டு.

குட்டிப் பெடலில் அதைக் கண்ணால் பார்த்தோம். தம்பி ஈ கம்பியை ஓங்கி மீட்டினார். பெடல் ஈ என்றது, உடனே பி என்றது, மறுபடி ஈ என்றது. அது கண்டபடி காட்டவில்லை. ஈயின் மூன்றாவது ஹார்மோனிக் பி ஸ்வரம். எது அடிநாதம் என்று பிரித்தறிய அதற்குத் தெரியவில்லை.

“தம்பி, டோன் குமிழை முழுசா மூடு. கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் வை. கட்டைவிரலால மெதுவா மீட்டு” என்றேன். இப்போது குட்டிப் பெடலும் ஈயில் நின்றது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்பினால் அதிர்வு இரட்டிப்பாகி 82 ஆகிறது. அப்போது இன்னும் சீக்கிரம் பிடித்தது. எந்த டியூனர் வைத்திருப்பவருக்கும் இந்தப் பழக்கம் உதவும். டி.யூ-3, பாலிடியூன் இரண்டுமே சாதாரணமாக மீட்டினாலும் ஈயைத் தடுமாறாமல் பிடித்தன. டி.யூ-3 நொடிக்குச் சுமார் 16 அதிர்வு வரை கீழே இறங்கிப் பார்க்கும். பி கம்பிக்குக் கீழேயும் அதற்கு இடம் மிச்சம் இருக்கிறது.

தசமப் புள்ளி எவ்வளவு வேண்டும்?

டியூனர் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சென்ட் கணக்கை. அரைக் கட்டையின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். டி.யூ-3 ஒரு சென்ட் வரை துல்லியம் என்கிறார்கள். பாலிடியூன் 3 தன் ஸ்ட்ரோப் முறையில் 0.02 சென்ட் என்கிறது. கேட்டவுடன் மனம் இரண்டாவதின் பக்கம் சாயும். ஆனால் ஈ கம்பியில் ஒரு சென்ட் என்பது சுமார் 42 நொடிக்கு ஓர் அதிர்வு வித்தியாசம். ஃப்ரெட்டில் விரலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அதைவிட அதிகம் விலகும். ஸ்டுடியோவில் பதிவு செய்பவருக்கும், ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதியைச் சரிபார்க்கும் ரிப்பேர்காரருக்கும் அந்தத் துல்லியம் தேவை. மேடைக்கு ஒரு சென்ட் தாராளம்.

ஸ்ட்ரோப் புதிதல்ல. சுழலும் தட்டின் கோடுகள் அசையாமல் நின்றால் சுருதி சேர்ந்தது என்று காட்டும் கருவியை அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936-லேயே கொண்டுவந்தது. கையில் அடங்கும் முள் டியூனரை ஜப்பானின் கோர்க் 1975-ல் தந்தது. காலால் மிதிக்கும் பெடலாக டியூனரைத் தரைக்கு இறக்கிய டி.யூ-2 வந்தது 1998-ல். அதற்கு முன் மேடையில் நாங்கள் கீபோர்டுக்காரரைப் பார்த்து “ஈ குடுங்க” என்று கேட்டு, காதைக் கிட்டாரின் உடலோடு ஒட்டிவைத்துச் சேர்ப்போம். கூட்டமும் கேட்டுக்கொண்டிருக்கும்.

துல்லியத்தைவிட முக்கியமான ஒன்றைத் தம்பி கவனிக்காமல் விட்டிருந்தார். இரவல் வந்த ஒரு பெடலில் அடிப்படைச் சுருதி 440-க்குப் பதில் 442 என்று இருந்தது. முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்க வேண்டும். கீபோர்டு 440-ல் நிற்க, பேஸ் 442-ஐ நம்பினால் ஏறக்குறைய எட்டு சென்ட் விலகல். எல்லா விளக்கும் பச்சை காட்டும், பாட்டு மட்டும் சேராது. மேடை ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணை.

வாசிக்காமலே ஜி காட்டியது

மணி ஐந்தரை. பெடல்களை அடாப்டரில் மாட்டினோம். தம்பி கேபிளின் நுனியை விரலால் தொட்டார். கிட்டாரே மாட்டவில்லை. டியூனரில் ஜி என்று வந்தது, ஏற்றப் பக்கம் சில விளக்குகளோடு.

“என்னண்ணே, பேய் வாசிக்குதா?”

பேயல்ல, நெய்வேலிதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பேஸின் ஜி கம்பிக்கு ஓர் ஸ்தாயி கீழே இருக்கும் ஜி, 49. ஐம்பது என்பது அதைவிடச் சுமார் 35 சென்ட் கூடுதல். பாடகர்கள் பாஷையில் சொன்னால் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் இடையில், ஐந்துக்குப் பக்கத்தில். நான் வந்த வழியில் பார்த்த அனல்மின் நிலையங்களின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன, அதாவது நொடிக்கு 50. 1962-லிருந்து இந்த ஊர் நிலக்கரியை எரித்து உண்டாக்கும் மின்சாரத்தின் சுருதி அது. மனித உடலும் நல்ல எர்த் இல்லாத கேபிளும் அதை வாங்கிப் பெடலிடம் கொடுத்துவிடுகின்றன.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஸ்பீக்கரில் ஹம் கேட்கும்போது அதில் நூறும் கலந்திருக்கும். ஜி கம்பி 98. ஜியை மீட்டிவிட்டு ஒலி தேயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தால், கம்பி அடங்கியதும் டியூனர் ஹம்மைப் பிடித்துக்கொண்டு “ஏற்றமாக இருக்கிறது, இறக்கு” என்கிறது. நம்பி இறக்கினால் கெட்டது. போன மாதம் தம்பிக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

சவுண்டு சர்வீஸ்காரரிடம் சொன்னோம். ஆம்ப், பெடல், கீபோர்டு எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பிளக் பலகையில் சேர்த்துக் கொடுத்தார். அடாப்டரைக் கேபிளிலிருந்து தள்ளி வைத்தோம். கிட்டாரை மாட்டிக் கம்பிகளைக் கையால் அடக்கியபோது மூன்று பெடலும் ஒன்றும் காட்டாமல் இருந்தன. வாசிக்காதபோது டியூனர் பேசக் கூடாது. பேசினால் பெடலை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்.

வெறுங்காலும் மேல்வெயிலும்

கோயில் மேடை. எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். குட்டிப் பெடலின் சின்ன இரும்புப் பொத்தானை வெறுங்காலால் மிதித்ததும் தம்பி முகம் சுளித்தார். எடை இல்லாததால் பெடலும் பலகையில் நழுவிச் சாய்ந்தது. டி.யூ-3-இல் மிதிப்பலகை அகலம். பாதம் எங்கே பட்டாலும் அமுங்குகிறது, அடியில் ரப்பர் இருப்பதால் நகரவில்லை. பாலிடியூனுக்கும் சின்னப் பொத்தான்தான். ஷூ போட்டு வாசிப்பவருக்கு அது குறையே அல்ல.

மேற்கு வெயில் மேடைக்குள் சாய்ந்து விழுந்தபோது நின்றபடி குனியாமல் பார்த்தோம். குட்டிப் பெடலின் திரை வெளுத்துப் போனது. பாலிடியூன் சுற்று வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் விளக்கைக் கூட்டிக்கொள்கிறது. டி.யூ-3-இல் வெளிச்சத்தை நாமே கூட்டலாம், பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

அடுத்தது ஊமையாக்குதல். டியூனரை மிதித்தால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி நிற்க வேண்டும். டி.யூ-3-இல் இரண்டு வெளிவழி உண்டு. அவுட்புட்டில் மாட்டினால் ஊமையாகும். பைபாஸில் மாட்டினால் சுருதி சேர்ப்பதும் ஊருக்குக் கேட்கும். இருட்டில் மாற்றி மாட்டாதபடி பைபாஸ் துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டச் சொன்னேன்.

மிக்ஸர் மேடைக்குக் கீழே வெகு தூரத்தில் இருந்தது. தம்பியிடம் இருப்பது பேட்டரி போடாத பேசிவ் பேஸ். அதன் பலவீனமான மின் அலை நீளமான கேபிளில் போகப் போகக் கூர்மை இழக்கும். பெடலில் பஃபர் இருந்தால் அலையைத் தாங்கி அனுப்பும். டி.யூ-3-இல் அது எப்போதும் இயங்குகிறது. பாலிடியூன் 3-இல் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். பஃபருக்கு ஒரு விலை உண்டு. மின்சாரம் நின்றால் ஒலியும் நின்றுவிடும். ஆகவே அடாப்டர் போட்டாலும் உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி இருக்கட்டும். யாராவது வயரில் கால் இடறி பிளக் கழன்றாலும் பாட்டு நிற்காது. பல குட்டிப் பெடல்களில் பேட்டரி போட இடமே இல்லை.

ஏழு மணிக்கு

பூசாரி தீபாராதனை முடித்ததும் கச்சேரி தொடங்கியது. தம்பி டி.யூ-3-ஐ மாட்டியிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓடியபோது பெடலை மிதித்தார். விளக்குச் சூட்டில் கம்பி நீண்டு எல்லாமே சற்று இறங்கியிருந்தன. நான் சொன்னபடி, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினார். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பியை முறுக்கும் கீயின் பல்லில் மிச்சமிருக்கும் தளர்ச்சி அடுத்த பாட்டில் காட்டிக்கொடுக்கும். அடுத்த பாட்டின் கவுண்ட் வருவதற்குள் நாலு கம்பியும் சேர்ந்துவிட்டன. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

என் தீர்ப்பு இது. வெறுங்கால், நீளக் கேபிள், பேசிவ் பேஸ், திருவிழா மேடை என்றால் டி.யூ-3. ஷூ போட்டு, பெடல் போர்டில் வேறு பெடல்களோடு வாசிப்பவருக்குப் பாலிடியூன் 3 குறைவில்லாத துணை. கையில் காசு குறைவு என்றால் குட்டிப் பெடலும் பாவமல்ல, மெதுவாக மீட்டும் பழக்கமும் தரையில் ஒட்ட ஒரு பட்டையும் அதோடு வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். தடித்த கம்பியை முதலில் மீட்டுங்கள். அதைத் தடுமாறாமல் சொல்லும் பெடலை வாங்குங்கள்.